அடுப்பையும் விடேன், மருந்தையும் விடேன்

கோகந்த் பஜாரின் ரொட்டி வரிசையில் சனோபரைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். வாய் நீளம் என்பார்கள். புருஷனுக்கு அடங்காதவள் என்பார்கள். யாராவது ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டால், வந்தவர் நீதிபதியாகவே இருந்தாலும் மூஞ்சிக்கு நேரே கடிந்துகொள்வாள் என்பார்கள். ரொட்டியைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆட்டுக்கொழுப்பும் வெண்ணெயும் பூசி, மடித்து, மறுபடி தேய்த்து அவள் சுடுகிற பாதிர் ரொட்டியைத் தாஷ்கந்துக்கு ரயிலேறுகிறவர்கள் துணியில் சுற்றி எடுத்துப் போவார்கள். போய்ச் சேர்ந்து இரண்டு நாள் ஆனாலும் மெத்தென்றுதான் இருக்கும்.

அவள் விரும்பியா அடுப்புப் போட்டாள்? கணவன் கோசிம் கட்டட வேலைக்கென்று ரஷ்யா போனான். போனவனிடமிருந்து ஒரு குளிர்காலம் முழுக்கப் பேச்சு மூச்சு இல்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், தீர்ந்துபோன மாவு மூட்டை. கைநீட்டிக் கேட்க வேண்டுமென்றால் நாத்தனார் ஹுர்மத்திடம்தான் கேட்க வேண்டும். அதற்கு மனசு வராமல், முற்றத்துச் சுவரோரம் தானே களிமண் குழைத்து ஒரு தந்தூர் அடுப்பை எழுப்பினாள். கோசிம் திரும்பி வந்தபோது பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள், பஜாரில் சனோபருக்கு ஒரு மேஜை இருந்தது. கோசிம்தான் தலைமுடியை ரஷ்யாவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். தொப்பியைக் கழற்றினால் உச்சி பளபளக்கும். ஆனால் ஆண்பிள்ளை தலை வழுக்கையானதற்கு எங்கள் ஊரில் எவரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை.

சனோபருக்கு முடி கொட்டத் தொடங்கியபோது பேசினார்கள். வகிடு முதலில் விரல் அகலம் ஆனது, பிறகு உச்சியில் தோல் தெரிந்தது. ஒரு சாவு வீட்டில் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டும்போது ஹுர்மத் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், தெருவுக்கே தெரிந்துவிட்டது. அடுப்புச் சூட்டில் மண்டை வெந்துவிட்டது, இனி தம்பி பெண்டாட்டி வீட்டோடு இருப்பதுதான் நல்லது என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். தன் தம்பி மனைவி பஜாரில் நின்று கூவி விற்கிறாள் என்பது ஹுர்மத்துக்குத் தொண்டையில் சிக்கிய முள். அதைப் பிடுங்கிப் போட நல்ல சாக்கு ஒன்று இத்தனை காலம் அகப்படவில்லை. இப்போது அகப்பட்டது.

அந்தச் சாக்கிலே ஒரு நியாயமும் இருந்தது. கீழே விழுந்த ரொட்டித் துணுக்கைக்கூட எடுத்து, கண்ணில் ஒற்றி, உயரமான இடத்தில் வைக்கிற ஜனங்கள் நாங்கள். அந்த ரொட்டியில் ஒரு முடி கிடந்தால்? ஒன்றே ஒன்று போதும், சுட்டவள் அடுப்பை இடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். சனோபருக்கு அழகைப் பற்றிக் கவலையில்லை, வயதுக்கு வந்த பெண்களின் தாய் அவள். அடுப்பு போய்விடும் என்ற பயம்தான் அவளைத் தோல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே டாக்டர் நிகோரா. சின்னப் பெண், சியோலில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்தவள். தலையை விளக்கு வைத்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். அடுப்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அப்பன் வழியில் வந்த வாகு இது என்றாள். காலையும் மாலையும் உச்சியில் விட்டுத் தடவ ஒரு நீர்மருந்து கொடுத்தாள். சனோபர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் விடியலில் தடவிக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

தந்தூர்க்காரியின் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையை மட்டும் உள்ளே விட்டு ரொட்டி ஒட்ட முடியாது. இடுப்புவரை குனிந்து தலையையும் தோளையும் அடுப்பு வாய்க்குள் கொடுக்க வேண்டும். வேர்வை ஆறாக ஓடும். மருந்தும் அந்த ஆற்றோடு நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போய் எரிந்தது. சில மாதங்களில் உச்சியில் ஒன்றையும் காணோம், நெற்றியிலும் புருவத்திலும் பூனைமுடி கிளம்பியிருந்தது. இரண்டு புருவமும் நடுவில் கைகோத்துக்கொண்டன. எங்கள் பெண்கள் புருவம் சேர வேண்டுமென்று ஒஸ்மா இலைச்சாற்றைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, எந்தத் தோட்டத்து இலை இது, இவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறதே என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

நிகோராவிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த மருந்தில் பாதிக்கு மேல் ஸ்பிரிட். அதை ஈரமாகத் தலையில் வைத்துக்கொண்டு நெருப்புக்குள் குனிகிறாள் இவள். "நீங்க ரொட்டிக்காரின்னு என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று கத்தியே விட்டாள். நீ கேட்டாயா என்றாள் சனோபர். அடுத்து நுரை மருந்து கொடுத்தார்கள். அது உள்ளங்கைச் சூட்டில் கரைகிற சாதி. அடுப்பிலிருந்து வந்த கையில் பிதுக்கினால் தலைக்குப் போகுமுன்பே தண்ணீராகி முழங்கையில் வடிந்தது. வேலைக்கு நடுவில் தடவி உலரவிடவும் நேரமில்லை. விடியலில் ஒரு அடுப்பு, பின்மதியம் ஒரு அடுப்பு, இடையில் மாவு.

நிகோரா யோசித்துப் பார்த்துவிட்டு, சில மாதம் அடுப்பு வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் ஹுர்மத் சொன்னதும் அதுதான். சனோபருக்குச் சுரீரென்றது.

"டாக்டர் தங்கச்சி, அடுப்பை விட்டுட்டு முடிய வளத்து நான் யாருக்குக் காட்டணும்? என் நாத்தனாருக்கா? என் தலைக்கு ஏத்த மருந்து இருந்தா சொல்லு. மருந்துக்கு ஏத்த தலைய நான் எங்க போய் வாங்குறது?"

நிகோராவுக்கும் கோபம் வந்தது. தான் ஒன்றும் மருந்தைச் சமைக்கிறவள் இல்லை என்றாள். பிறகு நிகோராவே இறங்கி வந்தாள். மருந்தில் கோளாறு இல்லை, அது போகிற வழியில்தான் கோளாறு என்று விளக்கினாள். தோல் என்பது சாத்திய கதவு. மேலே ஊற்றுகிற மருந்தில் பெரும்பகுதி வாசலிலேயே நின்று காய்ந்துபோகிறது, அல்லது வழிந்துபோகிறது. கண்ணுக்குத் தெரியாத சின்ன ஊசிகளால் தோலில் வழி உண்டாக்கி, மருந்தை உள்ளேயே வைத்துவிடுகிற வேலை நடந்துகொண்டிருக்கிறது. சியோலில் அவளுக்குப் பாடம் சொன்னவர்கள் அப்படி ஒரு பட்டை செய்திருக்கிறார்கள், சோதனைக்காகக் கொஞ்சம் இங்கேயும் வர இருக்கிறது. வந்தால் கூப்பிடுகிறேன் என்றாள்.

சனோபர் அன்று சாப்பாட்டின்போது இதைக் கோசிமிடம் சொன்னாள். சொன்னது தப்பு. கோசிம் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, ஊசியால் குத்தினால் மருந்து இறங்குமா என்று இரண்டு தரம் கேட்டான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் பஜாரில் இருந்த நேரத்தில், கோசிம் அடுப்படிக்குப் போய் செகிச் அச்சை எடுத்திருக்கிறான். ரொட்டியின் நடு உப்பிவிடாமல் இருக்கச் சுடுவதற்கு முன் குத்துவோமே, மரப்பிடியும் அடியில் வட்டமாக ஆணிமுனைகளும் வைத்த அச்சு, அதுதான். அதைக் கண்ணாடி முன்னால் நின்று தன் வழுக்கையில் ரொட்டிக்குக் குத்துகிற மாதிரியே வரிசையாகக் குத்தி, அவள் ஒதுக்கி வைத்திருந்த நீர்மருந்தையும் மேலே ஊற்றித் தேய்த்திருக்கிறான். எரிந்த எரிச்சலில் கிணற்றடிக்கு ஓடினானாம். மூன்றாம் நாள் மண்டை சீழ் கட்டி, தொப்பி ஏறாத அளவுக்கு வீங்கியது. டாக்ஸி ஓட்டுகிற மனுஷன், தலையில் பெண்களின் துணியைக் கட்டிக்கொண்டா ஓட்ட முடியும்? வீட்டில் கிடந்தான். நிகோராதான் மருந்து கொடுத்துப் புண்ணை ஆற்றினாள். சிரிக்காமல் கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன். அவன் தலையில் அச்சுப் பதிந்த பூ வட்டம் அத்தனை ஒழுங்காக இருந்தது.

ஹுர்மத் வந்து முற்றத்தில் நின்றுகொண்டு தெரு கேட்க ஒப்பாரி வைத்தாள். "என் தம்பி தலையையும் ரொட்டியாக்கிட்டியேடி" என்றாள். நானா குத்தினேன் என்றாள் சனோபர். அந்தச் செகிச் அச்சை அன்றே அடுப்பில் போட்டு எரித்தாள். தலையில் பட்டது ரொட்டியில் படக்கூடாது. புதுசாக ஒன்று வாங்கினாள்.

அந்தக் களேபரம் அடங்குவதற்குள் நிகோரா கூப்பிட்டுவிட்டாள். பட்டை வந்திருந்தது. பார்த்தால் ஒன்றுமே இல்லை, விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தாள். தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது. அந்தச் சொரசொரப்புதான் ஊசிகள். இரும்பு இல்லை, தோலுக்குள் போனதும் கரைந்துவிடுகிற ஒரு பொருள். மருந்து அதற்குள்ளேயே குழைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வகிடு பிரித்து, பட்டையை வைத்து, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து உரித்தால் தாள் மட்டும் கையோடு வரும், ஊசிகள் உள்ளே தங்கிக் கரையும். வழிய ஒன்றுமில்லை. ஸ்பிரிட் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை போதும், அன்றைக்கு மட்டும் வேர்க்கக் கூடாது, தலை நனையக் கூடாது. பஜாருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனோபருக்கென்றே யாரோ யோசித்துச் செய்ததுபோல இருந்தது. தலையில் அழுத்தியபோது சீப்பைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பிடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

நிகோரா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். "முதல்ல இன்னும் அதிகமா கொட்டும் அக்கா. பழைய முடி இடத்தக் காலி பண்ணாத்தான் புதுசு வரும். அப்பத்தான் எல்லாரும் பயந்து நிறுத்திடுறாங்க. நீங்க நிறுத்தாதீங்க."

நான் எதையும் நிறுத்துகிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்வது சுலபம். சில வாரங்களில் தலையணையில், சீப்பில், சட்டைத் தோளில், கொத்துக் கொத்தாக வந்தது. காலையில் தலைத்துணியை அவிழ்த்தால் அதிலே ஒரு கற்றை இருக்கும். தனியாக உட்கார்ந்து அழுதாள். ஆமாம், சனோபர்தான் அழுதாள். அழுது முடித்து, தலையில் இறுக்கமான பருத்தித் தொப்பி ஒன்றைத் தைத்துப் போட்டு, அதன்மேல் ஒரு துணி, அதன்மேல் இன்னொரு துணி கட்டிக்கொண்டு மாவு பிசைந்தாள். திங்கட்கிழமை வந்ததும் வகிட்டைப் பிரித்து அடுத்த பட்டையை ஒட்டினாள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஹுர்மத்தின் மகனுக்குப் பெண் அமைந்தது. பெண் வீட்டுக்குப் போய் ரொட்டி உடைத்து நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். ஹுர்மத் தம்பி வீட்டுக்கு வந்து, நிச்சயத்துக்கு ரொட்டியைப் பஜாரில் வாங்கிக்கொள்வதாகவும், சனோபர் சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்றும் சொன்னாள். சனோபருக்கு அதன் அர்த்தம் உடனே விளங்கிவிட்டது. சொந்த நாத்தனார் பையன் நிச்சயத்துக்கே அவள் ரொட்டியை வேண்டாமென்றுவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பும். அப்புறம் பஜாரில் எவன் வாங்குவான்? கோசிமும் அக்கா சொல்வதைக் கேட்டுவிடலாம் என்றான். அவன் தலைப்புண்ணே அப்போதுதான் காய்ந்திருந்தது, அக்காவோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை.

நிச்சயத்தன்று விடியலில் சனோபர் இரண்டு பெரிய பாதிர் சுட்டாள். எள் தூவி, ஓரம் சிவந்து, நடுவில் பூ அழுத்தமாக விழுந்து, அவள் கையிலிருந்து அப்படி ஒரு ரொட்டி அதுவரை வந்ததில்லை. வெள்ளைத் துணியில் கட்டித் தானே சுமந்துகொண்டு பெண் வீட்டுக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் ஹுர்மத்தின் கையில் கொடுத்தாள். அத்தனை பேருக்கு முன்னால் வேண்டாமென்று சொல்ல ஹுர்மத்துக்கு வாய் வரவில்லை. வாங்கி விரிப்பில் வைத்தாள். ஆனால் யார் சுட்டது என்றும் சொல்லவில்லை. தம்பி மனைவி ரொட்டி விற்கிறாள் என்பதையே அவள் பெண் வீட்டாரிடம் மறைத்திருந்தாள்.

ஆண்கள் வெளி அறையில். உள்ளே பெண்கள், நடுவில் விரிப்பு, பாதாம், கல்கண்டு, தேநீர். பெண் வீட்டுக்கு மூத்தவள் துர்சுனோய், பெண்ணின் பெரியம்மா. பருத்திப் பண்ணையில் ஆண்களை மேய்த்தவள், சிரிப்பது அபூர்வம். அவள் ரொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், மறுபக்கத்தை ஹுர்மத் பிடித்தாள். பிஸ்மில்லா சொல்லி உடைத்தார்கள். ரொட்டி அழகாக இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த இரண்டு துண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு முடி இழுபட்டு நின்றது.

நிச்சய ரொட்டியில் முடி. கெட்ட சகுனம் என்று வாயால் சொல்ல யாருக்கும் தைரியமில்லை, எல்லார் முகமும் சொல்லியது. மணப்பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். யார் சுட்ட ரொட்டி இது என்று கேட்டாள் துர்சுனோய்.

ஹுர்மத் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பஜார்ல வாங்கினதுங்க. ரெண்டாவது மேஜை ஸமீரான்னு ஒருத்தி. இனிமே அவகிட்ட வாங்குறதா இல்ல" என்றாள்.

ஸமீரா என்பவள் சனோபருக்குப் பக்கத்து மேஜைக்காரி, ஜென்ம வைரி. விலையைக் குறைத்து வாடிக்கையை இழுப்பவள். சனோபர் செய்ய வேண்டியதெல்லாம் தேநீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான். நாத்தனாரே முன்வந்து காப்பாற்றிவிட்டாள். பழி போட்டிக்காரி தலையில் விழுகிறது, இவள் அடுப்பு தப்பிக்கிறது. இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் இன்னொரு முறை வராது. ஹுர்மத் அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டிரு என்று.

சனோபர் எழுந்து நின்றாள்.

"அது ஸமீரா ரொட்டி இல்ல. நான் சுட்டது. முடியும் என்னுதுதான்."

ஹுர்மத் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். சனோபர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தனக்கு முடி கொட்டுகிறது, வைத்தியம் நடக்கிறது, அந்த வைத்தியத்தில் முளைப்பதற்கு முன்னால் கொட்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று உறை போட்டுக் கட்டியும் ஒன்று சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அது தன் தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள்.

"முடி விழுந்ததுக்கு மன்னிப்புக் கேக்குறேன். ரொட்டி சுட்டதுக்குக் கேக்கமாட்டேன். அடுப்பையும் விடமாட்டேன், மருந்தையும் விடமாட்டேன். வேற யாரு தலையிலயும் இதக் கட்ட வேணாம்."

துர்சுனோய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ரொட்டித் துண்டிலிருந்து அந்த முடியை இரண்டு விரலால் உருவி, சுருட்டி, தட்டின் ஓரத்தில் வைத்தாள். துண்டிலிருந்து ஒரு வாய் பிட்டுத் தேநீரில் நனைத்துத் தின்றாள். மென்று முடிக்கும்வரை யாரும் அசையவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்புறம் ஹுர்மத்தின் பக்கம் திரும்பினாள். "சம்பந்தியம்மா, ரொட்டியில கெடந்த முடிய நான் எடுத்துப் போட்டுட்டேன். நீங்க இப்ப சொன்ன பொய்ய நான் எப்படி எடுத்துப் போடுறது?"

ஹுர்மத்தின் முகத்தைப் பார்க்கச் சனோபருக்கே பாவமாக இருந்தது. நிச்சயம் முறிந்துவிடுமோ என்றுகூடப் பயந்தாள். ஆனால் துர்சுனோய் இன்னொரு ரொட்டி கொண்டுவரச் சொல்லவில்லை. ரொட்டியை ஒரு தரம்தான் உடைப்பது, உடைத்தாயிற்று, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று கையேந்தி துஆ சொல்லி முடித்துவிட்டாள். எழுந்து போகும்போது சனோபரிடம் வந்து நின்றாள். கல்யாணத்துக்கு ரொட்டி உன் அடுப்பிலிருந்து வேண்டாம், கொட்டுவது நிற்கட்டும், அப்போது பார்க்கலாம் என்றாள். அது நியாயம்தான் என்றாள் சனோபர். நெஞ்சு வலித்தது, ஆனாலும் நியாயம்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது கோசிம் காரை ஓட்டிக்கொண்டே புலம்பினான். ஸமீரா ரொட்டியென்றே இருந்திருக்கலாமே, அவளைக் காப்பாற்ற உனக்கென்ன அப்படி ஒரு அக்கறை என்றான்.

"அவளக் காப்பாத்தவா எந்திரிச்சேன்? அப்படி ஒரு பாதிர இந்தக் கையால சுட்டு வச்சிருக்கேன். அத அவ ரொட்டின்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

வீடு வருகிறவரை கோசிம் தொப்பிக்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

அடுத்த நாள் பஜாருக்கே செய்தி தெரிந்திருந்தது. சனோபர் மேஜையில் ரொட்டி அப்படியே கிடந்தது. பழைய வாடிக்கைகள் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். ஸமீராவுக்கு நடந்ததெல்லாம் தெரியும், தன் பெயர் எப்படித் தப்பியது என்றும் தெரியும். தெரிந்தும் அவள் மேஜை மேல் ஏறாத குறையாக, "முடியில்லாத ரொட்டி, வாங்க வாங்க" என்று கூவினாள். வியாபாரம் என்றால் அப்படித்தான். சனோபர் அவள் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் உரக்கக் கூவியிருப்பாள். "முடி ரொட்டிக்காரி" என்று மசாலாக் கடைப் பையன்கள் பெயர் வைத்தார்கள். மீந்த ரொட்டியை உலர்த்திச் சூப்பில் போட்டு அவர்கள் வீட்டில் தின்று தீர்த்தார்கள். கோசிம் முணுமுணுத்தான். ஹுர்மத் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை, அது ஒன்றுதான் லாபம்.

எத்தனை பேர் நிறுத்தச் சொன்னார்கள் தெரியுமா? மகள்கள் சொன்னார்கள். மசூதித் தெருக் கிழவர் சொல்லியனுப்பினார். அடுப்பை நிறுத்து என்றார்கள் பாதிப் பேர், ஊசியை நிறுத்து என்றார்கள் மீதிப் பேர். சனோபர் விடியலில் அடுப்பு மூட்டினாள், திங்கட்கிழமை பட்டை ஒட்டினாள். விற்றாலும் விற்காவிட்டாலும் மேஜையைத் துடைத்து ரொட்டியை முகம் மேலே தெரிய அடுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளுக்குள் பயம் இருந்தது. மருந்து பொய்த்துப்போனால் தன்னிடம் ஒன்றுமே மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை தலைத்துணியை அவிழ்த்தபோது அதில் ஒன்றும் இல்லை. நம்பாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உதறிப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. ஆஸ்பத்திரியில் நிகோரா விளக்கை வைத்து வெகு நேரம் பார்த்தாள். வகிட்டில் புதிய முடி மென்மையாக, குட்டையாகக் கிளம்பியிருந்தது. இளவயதுக் கூந்தல் திரும்ப வராது, ஒட்டுவதை விட்டால் இதுவும் நிற்காது என்று நிகோரா ஒளிக்காமல் சொன்னாள். எல்லாருக்கும் இப்படிப் பலிப்பதில்லை என்றும் சொன்னாள். அதற்குமேல் சனோபர் எதையும் கேட்கவில்லை. நிகோராவைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டாள். வெள்ளைக் கோட்டு முழுக்க மாவு.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது துர்சுனோய் பஜாருக்கு வந்தாள். ரொட்டி வரிசையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு மெதுவாக நடந்து, இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் நின்றாள். பெரிய ஆர்டர் என்று ஸமீராவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஓடி வந்து, தன் ரொட்டியில் ஒரு முடி இருக்காது, பார்த்து வாங்குங்கள் என்றாள். மசாலாக் கடைப் பையன்கள் வேடிக்கை பார்க்க எழுந்து நின்றார்கள்.

துர்சுனோய் சனோபரைப் பார்த்தாள்.

"உன் ரொட்டியில?" என்று கேட்டாள்.

சனோபர் ஒரு பாதிரை எடுத்து அவள் முன்னால் இரண்டாக உடைத்து வைத்தாள். "முடி வேணும்னா வேற கடையப் பாருங்க பெரியம்மா" என்றாள், ஸமீராவுக்கும் கேட்கும்படி. "என் முடி இப்ப என் தலையிலதான் இருக்கு."

துர்சுனோய் சிரிக்கவில்லை. பையை விரித்துப் பிடித்தாள்.